வலப்பக்கம் சாய்ந்த விரல்

இதை எழுதலாமா விடலாமா என்று யோசித்தே ஆறு வருடம் போய்விட்டது. இதற்கென்று மூன்று கொப்பிகள் வாங்கினேன். முதலாவதில் என் மனைவி பாக்கியம் கடைச் சாமான் எழுதத் தொடங்கினாள். இரண்டாவதில் பேத்தி யானை கீறினாள். மூன்றாவதைப் பத்திரமாகச் சாமியறையில் வைத்தேன். ஒரு எழுத்தும் இல்லாத கொப்பி தினமும் பூவும் தீபமும் காண்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

தயங்கியதற்குக் காரணம் கேட்டவர்களிடம், நான் சாதாரண தரம் மட்டும் படித்தவன், அதிலும் கணக்கை இரண்டாம் முறை எழுதித்தான் சித்தியடைந்தவன், வானத்தைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று சொல்லிவந்தேன். அது சாட்டு. உண்மைக் காரணம், இந்தக் கதையில் வருகிற பெரிய பிழை என்னுடையது.

ஆய்வுகூடத்தில் எனக்குப் பிறகு வந்த பிள்ளைகள் இப்போதும் போன் எடுத்து, "சுப்பையாண்ணை, அந்த வலம் இடம் கதையை எழுதித் தாங்கோ" என்று கேட்கிறார்கள். படம் பார்த்து வலமா இடமா என்று குறிக்கிற அந்த வேலையை இப்போது கணினியே செய்கிறதாம். அதற்குப் பக்தி கிடையாது, ஆகவே பயமில்லை என்கிறான் என்னோடு வேலை செய்த அன்ரனி. ஆனால் அந்தக் கணினிக்குப் பழக்கிக் கொடுப்பது மனிதர் போட்ட குறிகளை வைத்துத்தானாம். அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

என் உத்தியோகக் கதை சிறியது. அப்பா மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து வயல் வேலை செய்தவர். நான் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவச் சேர்ந்தேன். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களை இங்கே எழுதவில்லை. அவை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. திரும்பி வந்த பிறகு பல்கலைக்கழகப் பீடமொன்றின் பௌதிக ஆய்வுகூடத்தில் பணியாள் வேலை கிடைத்தது. வில்லையை முதலில் ஊதி, பிறகு தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணியால் துடைக்க வேண்டும் என்பது அங்கே படித்தது. அதை மாற்றிச் செய்தால் தூசி கத்தியாகிவிடும்.

இன்னொன்றும் அங்கே செய்துவந்தேன். ஊசலை ஆட்டிவிட்டுப் புவியீர்ப்பை அளக்கிற பரிசோதனையில் பிள்ளைகளுக்கு விடை ஒன்பது தசம் எட்டுக்குக் கிட்ட வரவேண்டும். சிலருக்கு ஏழு வரும், சிலருக்குப் பன்னிரண்டு வரும். பிழைத்தால் முதலிலிருந்து திரும்பச் செய்யவேண்டும். பின்னேரம் பூநகரி பஸ் போய்விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அந்தப் பஸ்காரருக்கே தெரியாது. ஆகவே நான் பக்கத்தில் போய் நின்று, "தங்கச்சி, ஆட்டம் இருபதோ பத்தொன்பதோ, இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்பேன். பிள்ளை யோசிக்கும். விடை சரியாக வரும். பஸ்ஸும் பிடிபடும். நான் புண்ணியம் செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது நிரோஷினி மிஸ் வந்தா. முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவா என்று சொன்னார்கள், பார்த்தால் தெரியாது. சீனி போடாத தேத்தண்ணி குடிப்பா. யாரையும் ஏசியதை நான் பார்க்கவில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பா. துடைத்து முடிந்ததும், "ஏன் அப்பிடி நினைக்கிறியள்?" என்று கேட்பா. அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட நாலு ஏச்சு வாங்குவது சுகம் என்று மாணவர்கள் சொல்வார்கள். எந்தச் சந்தேகத்தையும் பென்சிலால்தான் எழுதுவா. பேனையால் எழுதினால் சந்தேகம் முற்றிவிடும் என்பது அவவுடைய கொள்கை.

ஒருநாள் என்னையும் களஞ்சியம் பார்க்கிற அன்ரனியையும் கூப்பிட்டா. அன்ரனி முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவன். கத்தோலிக்க வேதக்காரன். தகப்பனும் பாட்டனும் கடலுக்குப் போனவர்கள். இவனுக்குக் கடலில் தலை சுற்றும் என்பதால் களஞ்சியத்துக்கு வந்தவன். ஒவ்வொரு திங்களும் கருவாட்டு மணத்தோடு வருவான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், வாயில் மட்டும் மூத்தவன்.

"உங்கட ரெண்டு பேரின்ர கண்ணும் எனக்கு வேணும்" என்றா மிஸ்.

"எடுங்கோ மிஸ், சுப்பையாண்ணையின்ரதை முதல் எடுங்கோ. அதைப் பயன்படுத்தினது குறைவு" என்றான் அன்ரனி.

மிஸ் சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினா. நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. எங்கள் பால்வீதி அப்படி ஒரு கூட்டம். அந்தக் கூட்டங்களும் வானத்தில் சும்மா தெளித்துவிட்டதுபோலக் கிடக்கவில்லை. வலையில் நூல் ஓடுவதுபோல நீள நீளமான இழைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் தன்னைத்தானே சுற்றுகிறது என்பது தெரிந்த விசயம். இப்போது கேள்வி, அந்த நீளமான இழை முழுவதுமே, கயிறு முறுக்குகிறதுபோல, சுற்றுகிறதா என்பது.

"முறுக்கில்லாட்டி அது கயிறே இல்லை மிஸ்" என்றான் அன்ரனி. "எங்கட அப்பு சொல்லுவார்."

"அதைத்தான் பாக்கப்போறம். வேற நாட்டு ஆக்கள் வெளிச்சத்தின்ர நிறம் நகருறதை வைச்சு, சில இழையள் சுத்துது எண்டு சொல்லியிருக்கினம். நாங்கள் வேற மாதிரிப் பாக்கிறம். ஒரு இழையில இருக்கிற கூட்டமெல்லாம் எந்தப் பக்கம் சுத்துது எண்டு ஒவ்வொண்டாய்ப் பாத்துக் குறிக்கவேணும். அதிகமானது ஒரே பக்கம் எண்டால், இழைக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்."

"ஒருக்காச் சுத்தி வர எவ்வளவு நேரம் எடுக்கும் மிஸ்?" என்று கேட்டேன்.

"பிரபஞ்சம் தொடங்கி இண்டைக்கு வரைக்கும் போன காலத்துக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிராது."

"அப்ப பூநகரி பஸ் பரவாயில்லை" என்றான் அன்ரனி.

இதற்கு ஏன் படித்த பிள்ளைகளை விட்டு எங்களைப் பிடித்தா என்று கேட்டேன். படித்தவர்களுக்கு என்ன விடை வரவேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கும், அது கண்ணைக் கெடுக்கும் என்றா. "உங்களுக்கு ஒண்டும் தெரியாது. அதுதான் தகுதி."

நாற்பது வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த முதல் தகுதிச் சான்று அது.

வேலை முறை இப்படி. காலை ஒன்பது மணிக்கு நான் விபூதி பூசிக்கொண்டு வந்து, யன்னல் திரையை இழுத்துவிட்டு, கணினித் திரையை ஊதி, தட்டி, துடைப்பேன். ஒரு மணித்தியாலம் நான் பார்ப்பேன், ஒரு மணித்தியாலம் அன்ரனி. கண் களைத்தால் எழும்பி வெளியே வேப்பமரத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் மிஸ்ஸின் கட்டளை. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது. திரையில் ஒவ்வொரு படமாக வரும். கறுப்பில் வெள்ளையாக, நடுவில் பிரகாசமாக ஒரு பொட்டு, அதிலிருந்து வளைந்து வளைந்து போகிற கைகள். கையின் வெளி நுனியில் விரலை வைப்பதாக நினைத்துக்கொண்டு, கை வழியே நடுவை நோக்கி வரவேண்டும். விரல் எந்தப் பக்கமாக வளைந்து உள்ளே வருகிறதோ, கூட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் சுற்றுகிறது. விசைப்பலகையில் மூன்று விசைகளுக்கு மேல் மிஸ் கடதாசித் துண்டு ஒட்டியிருந்தா. வலம் என்பதற்கு ஒரு 'வ'. இடம் என்பதற்கு ஒரு 'இ'. தெரியவில்லை என்பதற்கு ஒரு 'தெ'.

"சந்தேகமெண்டால் 'தெ'. யோசிக்காதேங்கோ. 'தெ' போடுறது தோல்வி இல்லை" என்று மூன்று முறை சொன்னா.

அன்ரனி அழுத்தி அழுத்தியே 'தெ' கடதாசி ஒரே மாதத்தில் தேய்ந்து கிழிந்து புதிதாக ஒட்ட வேண்டி வந்தது. நான் அந்த விசையைத் தொட்டது மிகக் குறைவு. இதில் எனக்கு ஒரு இரகசியப் பெருமை. "உங்களுக்குச் சந்தேகமே வாறேல்லையோ அண்ணை?" என்று அவன் கேட்டால், "பாக்கிற கண் வேணும் தம்பி" என்பேன்.

என் கண் எப்படிப் பார்த்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வெளியிலிருந்து வளைந்து வளைந்து நடுவில் இருக்கிற வெளிச்சத்துக்குப் போகிற பாதையை முதன்முதல் பார்த்தபோதே எனக்கு மெய் சிலிர்த்தது. வெளி வீதி, உள் வீதி, நடுவிலே கருவறை, அதற்குள் விளக்கு. இத்தனை கோடி மைல் தூரத்திலும் எம்பெருமான் கோயில் கட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வலமாகச் சுற்றுகிற படம் வந்தால் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு 'வ'வை அழுத்துவேன். இடமாகச் சுற்றுகிறது வந்தால் மனம் சங்கடப்படும். எங்கள் வழக்கத்தில் இடமாகச் சுற்றுவது சுடலையில்தான். தெளிவாக இடம் என்று தெரிந்தால் 'இ' போட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் அழுத்தும்போது ஒரு பெருமூச்சு வரும்.

அன்ரனி அதைக் கண்டுபிடித்துவிட்டான். "என்னண்ணை, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி மூச்சு விடுறியள். அங்க ஆரும் சாகேல்லை."

ஏறக்குறைய ஒரு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் மிஸ் வடையும் தேத்தண்ணியும் வரவழைத்து எங்களை இருத்தினா. அவவுடைய தேத்தண்ணியில் அன்று சீனி இருந்தது. அதிலேயே ஏதோ பெரிய விசயம் என்று விளங்கிவிட்டது. நாங்கள் பார்த்த இழைகளில் ஒன்று, மிக நீளமானது, கூட்டங்கள் அதிகம் உள்ளது. அதில் வலமாகச் சுற்றுவது தெளிவாகக் கூடுதலாக இருக்கிறதாம். அதை வைத்துக் கட்டுரை எழுதி முடித்துவிட்டா. வருகிற புதன்கிழமை அனுப்பவேண்டும். வேலை நிரந்தரமாவதற்கு அவவிடம் அப்படி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள், தவணையும் முடிகிறது.

"முறுக்கு இருக்குதெண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றான் அன்ரனி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வானமே வலம் வருகிறது என்று நினைத்தேன்.

அது வெள்ளிக்கிழமை. பின்னேரப் பூசைக்குப் பாக்கியத்தோடு எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். தெற்கு வீதியில் திருப்பணிக்குக் கல்லும் மணலும் கொட்டியிருந்தார்கள், நடக்க வழியில்லை. ஐயர், "இண்டைக்கு வடக்கு வீதியால மேற்கு வரைக்கும் போய், அதாலயே திரும்பி வாங்கோ. பிள்ளையார் ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றார். சனம் போனது. பாக்கியமும் போனாள். நான் கிழக்கு வாசலில் நின்றுவிட்டேன்.

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் கிளிநொச்சியில் இருந்தும் அவள் பேச்சில் மலைநாடு போகவில்லை. "என்னங்க, அங்கயே நின்னுட்டீங்க?"

"இடப்பக்கமாய்ப் போகக் கால் வருகுதில்லை."

"போறது எடப்பக்கம்னா திரும்பி வர்றது வலப்பக்கம் தானுங்களே. சாமி கழிச்சுக்குவாரு. வாங்க."

நியாயமான கதைதான். ஆனாலும் கால் வரவில்லை. ஐயர் சொல்லியும், பிள்ளையார் மன்னித்தும், மனைவி கணக்குத் தீர்த்துக் கொடுத்தும் வரவில்லை. அங்கே நின்றபடியே என் வலது கை ஆட்காட்டி விரலைப் பார்த்தேன். கால் வராதென்றால், ஒரு வருடமாக இந்த விரல் வந்திருக்குமா?

அதற்குப் பிறகு கும்பிட முடியவில்லை. தெளிவான படங்களை நான் மாற்றவில்லை. ஆனால் தெளிவில்லாத படங்கள் எத்தனை வந்தன. புகைபோல, மாக்கரைசல் சிந்தினதுபோல. அன்ரனி 'தெ' போட்டுக் கடதாசி தேய்ந்த படங்கள் எல்லாம் எனக்கும் வந்தவைதானே. எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை? கண் கூர்மையால் அல்ல. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நான் கும்பிட்டுவிட்டு வலம் வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அன்ரனியைக் களஞ்சியத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். அவன் முதன்முதலாகச் சிரிக்காமல் கேட்டான்.

"சொல்லாட்டி என்ன நடக்கும்?" என்றேன். "அவவுக்கு வேலை நிரந்தரமாகும். நானும் நாலு மாசத்தில பென்சன் எடுத்துப் போயிடுவன்."

"ஒண்டும் நடக்காது. ஆருக்கும் தெரியாது."

"சொன்னால்?"

"புதன்கிழமை கட்டுரை போகாது." பிறகு சொன்னான்: "எங்கட ஆக்கள் எண்டால் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு, அவர் சொல்லுற செபத்தைச் சொல்லிப்போட்டு வந்திடுவம். உங்களுக்கு அந்த வசதி இல்லை அண்ணை. நீங்கள் மிஸ்ஸிட்டத்தான் சொல்லவேணும்."

மிஸ் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தா. வாசலில் நின்றேன்.

"மிஸ், ஒரு பிழை நடந்திட்டுது."

"எந்த உபகரணம் அண்ணை?"

"நான்தான் மிஸ்."

இருக்கச் சொன்னா. வெளி வீதி, உள் வீதி, கருவறை, சுடலை, வெள்ளிக்கிழமை கால் வராமல் நின்றது, எல்லாம் சொன்னேன். மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. துடைத்தா, துடைத்துக்கொண்டே இருந்தா. நான் ஊதித் தட்டித் துடைக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் மனிதனுக்குத் தொழில் புத்தி போவதில்லை.

"தெரிஞ்சு செய்தியளோ?"

"இல்லை மிஸ். ஆனால் இப்ப தெரியும்."

"எத்தினை படம் இருக்கும்?"

"தெரியேல்லை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தா. "ஒரு வருசமாய் நான் கேட்டுக்கொண்டிருந்த 'தெ' இப்பதான் வந்திருக்கு" என்றா. பிறகு யன்னல் பக்கம் திரும்பி இருந்து சொன்னா: "பிழை உங்களுக்கு மட்டும் இல்லை அண்ணை. படங்களில பாதியைக் கண்ணாடியில தெரியிற மாதிரித் திருப்பிப்போட்டு இடைக்கிடை கலந்து காட்டியிருக்கவேணும். ஆரின்ர கையாவது சாயுதோ எண்டு பாக்க அதுதான் வழி. எனக்கு அது முதலே தெரியும். நேரம் போகுது, பிறகு செய்வம் எண்டு விட்டிட்டன். எனக்கும் அது சுத்தவேணும் எண்டு ஆசை."

அன்றைக்கே தொடங்கினோம். அந்த நீள இழையின் படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிப் படம் செய்து, எல்லாவற்றையும் கலைத்து ஒழுங்கில்லாமல் எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினா. ஒரு படம் வலம் என்றால் அதன் கண்ணாடிப் படம் இடமாகத்தான் இருக்கவேண்டும். இரண்டுக்கும் ஒருவர் 'வ' போட்டிருந்தால், அது வானத்தில் இருப்பது அல்ல, அவரிடம் இருப்பது. எனக்குக் கூடுதலாக ஒரு கட்டளை: "இப்ப தெரிஞ்சிட்டுது எண்டு மற்றப் பக்கம் சாயாதேங்கோ. முந்தி பார்த்த மாதிரியே பாருங்கோ." அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். தாறுமாறாக ஓடின மாட்டை, அதேமாதிரி இன்னொருக்கா ஓடு என்று கேட்பதுபோல.

ஒரு படம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. இழையின் நடுப்பகுதியில் இருந்த ஒரு சின்னக் கூட்டம். ஒரு கைதான் தெரியும், அதுவும் பாதியில் கரைந்துவிடும். செவ்வாய் காலை அது வந்தது. நுனியில் விரலை வைத்தேன், வளைந்து உள்ளே போனேன், விளக்கைக் கண்டேன். வலம். ஐயமே இல்லை. பின்னேரம் இன்னொன்று வந்தது. அதுவும் சின்னது, ஒரு கை, பாதியில் கரைவது. நுனியில் விரலை வைத்தேன், உள்ளே போனேன், விளக்கைக் கண்டேன். வலம். இதிலும் ஐயமில்லை. புதன்கிழமை மிஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினா. ஒன்று மற்றதின் கண்ணாடி. நான் இரண்டுக்குள்ளும் ஒரே வீதியால் போய் வந்திருக்கிறேன். காலையில் கண்ட கையும் பின்னேரம் கண்ட கையும் படத்தில் இல்லவே இல்லை. இருந்தது ஒரு புகை.

அப்படி ஒன்றல்ல, நிறைய இருந்தன. அன்ரனி எட்டிப் பார்த்தான். "கண்ணாடியையும் வலம் வர வைச்சிட்டார்" என்றான். மிஸ் சிரித்துவிட்டா. நானும் சிரித்தேன்.

என் சாய்வைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது அந்த இழையில் வலம் கூடுதல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இழை சுற்றவில்லை என்றும் அதற்குப் பொருள் இல்லை. எங்களிடம் உள்ளதை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். மிஸ் கட்டுரையின் தலைப்பைப் பென்சிலால் வெட்டினா. கட்டுரையை எதிர்பார்த்திருந்த வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரருக்குத் தானே கடிதம் எழுதினா, என்னைக் காட்டிக்கொடுக்காமல். புதன்கிழமை ஒன்றும் போகவில்லை.

வேலை நிரந்தரமாக அவவுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அந்த ஒரு வருடமும் என்னால் போனது. அதற்கு அவ ஒருநாளும் முகம் கறுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை நான் கறுத்த முகத்தோடு தேத்தண்ணி கொண்டு போனால், "ஏன் அப்பிடி நினைக்கிறியள்?" என்பா. பிறகு வேறு ஒரு கட்டுரை எழுதினா, சிறியது. பார்ப்பவரின் கை எப்படிச் சாயும், அதை எப்படி அளந்து கழிப்பது என்பது பற்றி. அதில் நான் 'பார்வையாளர் இரண்டு'. அன்ரனி 'பார்வையாளர் ஒன்று'. அந்த ஒன்று தன் திறமைக்குக் கிடைத்தது என்று அவன் இன்றும் சொல்லித் திரிகிறான். வரவுக் கையெழுத்துப் புத்தகத்தில் அவன் பெயர் முதலில் இருந்தது என்பதுதான் காரணம்.

இதெல்லாம் முடிந்து நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். போன வருடத் திருவிழாவில், தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகு, கோயில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நல்ல மனுசன். வாய் நல்லது, காதுதான் கொஞ்சம் அவசரம். "எங்கட ஆலயத்து அடியார் சுப்பையா அவர்கள், விஞ்ஞானிகளோட சேர்ந்து, பிரபஞ்சம் முழுவதும் வலமாகத்தான் சுத்துது எண்டு நிரூபிச்சவர். ஆகவே அடியார்களே, பிரதட்சிணம் செய்வது விஞ்ஞானம்" என்றார். சனம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டது. ஒரு அம்மா தன் பிள்ளையின் தலையில் என் கையை எடுத்து வைத்தா. பாக்கியம் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு நின்றாள்.

சனம் கலைந்த பிறகு தலைவரிடம் போனேன். "தலைவர், அது அப்பிடி இல்லை. அது என்ர பிழை. வானத்தில ரெண்டு பக்கமும் சுத்துது."

"எனக்குத் தெரியும் சுப்பையா, நீர் அடக்கமான ஆள்."

"அடக்கம் இல்லை. பிழையெண்டு சொல்லுறன்."

அவர் என் தோளில் கை வைத்தார். "இஞ்ச பாரும். சனம் பக்தியாய் வருகுது. நல்லதுக்குத்தானே சொல்லுறம். ஆருக்கு நட்டம்?"

அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தேன். ஊசலுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்னதும், கணினிக்கு முன்னால் இருந்து நான் செய்ததும் நல்லதுக்குத்தானே. நட்டப்பட்ட மிஸ் இப்போது வேறு ஊரில் இருந்தா.

வீட்டுக்குப் போகிற வழியில் நாலாவது கொப்பி வாங்கினேன்.

எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் இன்றும் வலமாகத்தான் சுற்றுகிறேன். அது என் கும்பிடு. எம்பெருமானுடைய வானத்தில் பாதிக் கூட்டங்கள் இடமாகச் சுற்றுகின்றன. அவற்றையும் அவர்தான் சுற்ற விட்டிருக்கிறார். அவற்றைத் திருத்தி வலமாக்க என்னை அவர் நியமிக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அறுபது வயது ஆனது.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆய்வுகூடத்துப் பிள்ளைகளே, கணினிக்குப் பழக்குவதற்கு முன் உங்களில் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். கோயிலடியில் கேட்டால் அங்கேயும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். அந்த இழை சுற்றுகிறது என்று கூட்டவும் வேண்டாம், சுற்றவில்லை என்று குறைக்கவும் வேண்டாம். மிஸ்ஸுக்குப் போன ஒரு வருடத்தை விட்டுவிட்டுச் சொல்ல வேண்டாம். சொல்லிக்கொண்டு போகையில், பாவம் வயதான மனுசன், பக்தியிலே செய்தது என்று என்னைக் கொஞ்சம் நல்லவனாக்க உங்களுக்கு மனம் வரும். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, உங்கள் கையைப் பாருங்கள்.